அப்பாவோட நடுக்கமும் நான் குடுத்த பூனைக்காலிப் பொடியும்

அப்பாவுக்கு பார்க்கின்சன், கை கால் நடுங்கி உடம்பு இறுகிப் போற நோய், அதுக்கு மாத்திரை போடுறாரு. மார்த்தாண்டம் பக்கம் ஒரு வைத்தியர் அதத்தான் கம்பவாதம்னு சொல்லி தன்வந்தரம் தைலம் தேச்சு வெந்நீர்ல குளிக்கச் சொன்னாரு, தோள் இறுக்கம் கொஞ்சம் விட்டுச்சு, சட்டை பட்டன அவரே போட்டாரு. அதோட நின்னுருக்கலாம். சொந்தக்காரர் பேச்சக் கேட்டு நாந்தான் பூனைக்காலி விதைப் பொடிய பால்ல கலக்கி குடுத்தேன், ரெண்டு வாரத்துல கழுத்தும் காலும் தன்னால நெளிய ஆரம்பிச்சுட்டு, நடுக்கம் இல்ல, இது வேற. நியூரோ டாக்டர் டப்பாவப் பாத்துட்டு, அந்த விதையிலயே லெவோடோபாங்கற பார்க்கின்சன் மருந்து இருக்கு, அவரு போடுற மாத்திரையிலயும் அதே, டோஸ் கூடிப்போச்சுன்னாரு. பொடிய நிறுத்தினோம், நெளிச்சல் அடங்கிச்சு. இன்னொண்ணு, புட்டும் பயறும் தின்ன கையோட மாத்திரை போட்டா புரதம் அத ஏற விடாதாம், இப்ப மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் புட்டு. தைலம் இப்பவும் உண்டு, பாத்ரூம்ல ரப்பர் மேட் போட்டுட்டேன், எண்ணெய்க் காலு வழுக்கும்லா.