துக்க வீட்டுக்கு அதிரசம்: பாகு எடுப்பதும் கொண்டு போவதும்

எங்கள் வீட்டில் பாகு பார்ப்பது என் வீட்டுக்காரர்தான். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், பஸ் டூட்டி முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்புப் பக்கம் வந்து நிற்பார். ஒரு தட்டில் தண்ணீர், அதில் ஒரு சொட்டு வெல்லப்பாகு, ஆள்காட்டி விரலால் ஒரு தள்ளு. "இறக்கு" என்பார். நான் இறக்குவேன். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் போனது. அந்தத் தட்டில் நான் ஒரு தடவைகூட விரல் வைத்ததில்லை. ஓர் ஆவணி மாதம் அவர் தவறிப்போனார்.

வேலூர்ப் பக்கம் தீபாவளி என்றால் நோன்பும் சேர்ந்ததுதான். தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசையில் கேதார கௌரி நோன்பு. இருபத்தோரு அதிரசம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நோன்புக் கயிறு எல்லாம் வைத்துக் கோயிலுக்கு எடுத்துப் போவோம். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நோன்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டியும் வைக்க மாட்டோம். உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதை எப்படிச் செய்தால் அந்த வீட்டுக்கு ஆறுதலாக இருக்கும் என்பது, அந்த வருஷம் நானே துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அதனால் அதிரசம் சுடுவதையும் அதைக் கொண்டு போய்க் கொடுப்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு கிலோ மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, பழைய வேட்டியில் நிழலில் பரப்புங்கள். வெயில் ஆகாது. அரை மணி நேரம் போனதும் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். பிடி உடையாமல் நிற்கணும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தோடு மிஷினில் கொடுத்து அரைத்து, சலித்து, மூடி வையுங்கள். மாவு காய்ந்துவிட்டால் அதிரசம் வராது, கடையில் பாக்கெட்டில் விற்கும் அரிசி மாவிலும் வராது.

வெல்லம் முக்கால் கிலோ. கடையில் பாகு வெல்லம் என்று கேட்டு வாங்குங்கள். அணைக்கட்டுப் பக்கம் காய்ச்சும் வெல்லம் கிடைத்தால் நல்லது. பளிச்சென்று மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டு, கறுத்த வெல்லத்தை எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் வையுங்கள்.

இனிமேல் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நுரை பொங்கி அடங்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீர்த் தட்டில் விடுங்கள். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. கரையாமல் அடியில் நின்று, விரலால் கூட்டும்போது வழுக்கி வழுக்கிப் போனால் இன்னும் ஒரு நிமிஷம். கூட்டினதும் உருண்டு வந்து, அமுக்கினால் காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தால் அதுதான் பதம். எடுத்துப் போட்டால் தட்டில் 'டக்' என்று சத்தம் கேட்டதா? தாண்டிவிட்டது. அது பொரிவிளங்காய் உருண்டைக்கு ஆகும், அதிரசத்துக்குக் கல்லாகிவிடும்.

பதம் வந்ததும் இறக்கி, ஆறு ஏலக்காய், கொஞ்சம் சுக்குத் தூள், இரண்டு ஸ்பூன் வெள்ளை எள் போடுங்கள். ஒருவர் மாவைத் தூவ, ஒருவர் கிளற வேண்டும். தோசை மாவைவிடக் கெட்டி, சப்பாத்தி மாவைவிட இளக்கம் என்ற அளவில் மாவை நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை, தேவைப்படும். மேலே ஒரு ஸ்பூன் நெய் தடவி, துணி கட்டி இரண்டு நாள் வையுங்கள். தானாக இறுகும்.

சுடும் அன்று நெய் தடவிய வாழை இலையில் எலுமிச்சை அளவு உருண்டையைத் தட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எழும்பி வந்ததும் ஒரே ஒரு திருப்பல். சிவக்கும்போதே எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்தி விடுங்கள். அவர் போன மூன்றாம் வருஷம் அவசரத்தில் பாகைச் சீக்கிரம் இறக்கிவிட்டேன். முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் சல்லடை மாதிரி பிரிந்து போனது. மிஞ்சின மாவை ஒரு கைப்பிடி பிசைந்து ஒரு மணி நேரம் வைத்த பிறகு சரியாக வந்தது. கெட்டியாகிப் போனால் இரண்டு ஸ்பூன் காய்ச்சின பால் தெளித்துப் பிசையுங்கள்.

நன்றாக ஆறினதும்தான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

இனி கொண்டு போவது. எவர்சில்வர் தூக்கிலோ டப்பாவிலோ கொடுக்காதீர்கள். நம்மில் யாரும் ஏனத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். அந்த வருஷம் என் சமையலறைத் திண்டில் ஏழு வீட்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன. யாருடையது எது, எதைப் போட்டுத் திருப்புவது என்று யோசித்தே இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வாழை இலையில் வைத்து, பேப்பரில் சுற்றி, நூல் கட்டிக் கொண்டுவந்தார். அவருக்குத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி!

நேரமும் முக்கியம். தீபாவளி அன்று மத்தியானம் கொடுப்பதைவிட முந்தின நாள் சாயங்காலமே கொடுங்கள். விடிந்ததும் பிள்ளைகள் எழுந்து பார்க்கும்போது வீட்டில் ஏதாவது இருக்கணும். பலகாரம் கொடுத்ததோடு விடாமல் காலை டிபனும் யாராவது பார்த்துக்கொண்டால் நல்லது. அக்கா இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் கொண்டுவந்தார். இலவம்பாடி முள்கத்திரிக்காய்; 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே காய். மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் சின்னவன் இன்னொரு இட்லி கேட்டான். வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் இருந்தால் அதிரசத்தோடு நாலு தட்டையும் வையுங்கள்.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று வாசலில் நின்று கேட்காதீர்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கிற தெம்பு அப்போது இருக்காது. "சிலிண்டர் புக் பண்ணட்டுமா?", "பையனை டியூஷனில் விடட்டுமா?" என்று கேளுங்கள், ஆமாம் இல்லை என்று சொல்லிவிடலாம். துக்கம் விசாரிக்கப் போனால் "வரேன்" சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். பண்டிகைக்குப் பலகாரம் கொண்டு போகும்போது கட்டாயம் சொல்ல வேண்டும். "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் போகவும் வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளம், ஜார்க்கண்ட், ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ வந்து, தீபாவளி அன்றும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பார்கள். போன வருஷம் தெரு முனை லாட்ஜில் இருந்த ஒடிசாக்கார அம்மாவுக்கு ஐந்து அதிரசம் கொடுத்தேன். ஒரு கடி கடித்ததும் "அரிசா!" என்றார். அவர்கள் ஊரிலும் இதே அரிசி மாவும் வெல்லமும் எள்ளும்தான், அரிசா பிட்டா என்று பெயர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. பாகை விரலால் உருட்டுவது எப்படி என்று அவர் காற்றிலே செய்து காட்டினார். அப்படியே என் வீட்டுக்காரர் விரல்.

கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது. முதல் வருஷம் எல்லோரும் வருவார்கள். இரண்டாம் வருஷம், திதி கழிந்து முதல் முறையாக அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கிற தீபாவளிக்கு, யாரும் வர மாட்டார்கள். அன்றைக்குப் போங்கள். பலகாரம் வேண்டாம், வெறுங்கையோடு போனால் போதும்.

எனக்கு அக்கா வந்தார். நான் கூப்பிடவில்லை. மணையை இழுத்துப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெல்லம் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றி என் முன்னால் நகர்த்தினார். "என்னைப் பார்க்காதேம்மா, நீயே தொட்டுப் பாரு." ஒரு சொட்டு விட்டேன், ஓடியது. இன்னொரு சொட்டு, வழுக்கியது. மூன்றாவது சொட்டு விரலில் உருண்டு வந்தது.

"என்ன, இறக்கட்டுமா?" என்றார் அக்கா, பிடிதுணியைக் கையில் எடுத்துக்கொண்டு.

"இறக்குங்கக்கா" என்றேன்.