போர்டிகோவில் பிரித்த எஞ்சின்

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் காரின் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. உடனே நிறுத்தாமல், டீக்கடை வரை போய்விடலாம் என்று 2 கிலோமீட்டர் ஓட்டியது என் தப்பு.

கட்டி இழுத்து வீடு சேர்த்ததும் ஆயில் குச்சியை உருவினேன். பால் டீ நிறம். தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்றால் பெரும்பாலும் எஞ்சின் பிளாக்குக்கும் மேலே மூடிபோல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

போர்டிகோவில் தார்ப்பாய் விரித்து ஹெட்டைக் கழற்றினேன். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் ஹெட் வளையும். என்னுடையது சூட்டிலேயே வளைந்திருந்தது. எஃகு ஸ்கேலை மேலே வைத்தால் இடைவெளி அளக்கும் 0.15 மி.மீ. ஃபீலர் தகடு தாராளமாக நுழைந்தது. அந்த எஞ்சினுக்கு எல்லை 0.05. லேத் பட்டறையில் சீவிக் கொடுத்தார்கள்.

வால்வுகள் கசியாமல் உட்கார, தேய்க்கும் பேஸ்ட் போட்டு நானே தேய்த்தேன். கை வலி இரண்டு நாள்! ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி, கசியாமல் நின்ற பிறகுதான் நிம்மதி. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கிப் பார்த்தால் பேரிங்கில் கீறல். சரி, அதையும் மாற்றினேன்.

அப்புறம் புது கேஸ்கெட். முறுக்கும் விசையை அளந்து காட்டும் இரவல் டார்க் ரெஞ்சால் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக முறுக்கினேன். நான்காவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. 100 கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி மாற்றினேன். தேன் நிறத்திலேயே வந்தது.