சென்னை மெட்ரோ: ஊருக்கு வருகிறவர்களுக்குச் சில சொல்

சென்னையில் அறை போடும்போது சித்தி வீடு பக்கமா, கடைத்தெரு பக்கமா என்று பார்ப்பது வழக்கம். அதற்கும் முன்னால், நடந்து போகிற தூரத்தில் மெட்ரோ நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணா சாலையில் காருக்குள் உட்கார்ந்து சிக்னலை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஊரை விட்டுப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர்கள் மனசில் வைத்திருக்கும் வரைபடத்தில் இந்த ரயில் இல்லை. அதனாலேயே பலர் வந்து இறங்கியதும் பழைய பழக்கத்தில் ஆட்டோவைக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். சென்னையில் மூன்று வகை உள்ளூர் ரயில் ஓடுகிறது. கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுத் தடத்தில் ஓடுவது பழைய மின்சார ரயில். கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வழியாக வேளச்சேரிக்குப் போவது பறக்கும் ரயில். 1995-ல் சேப்பாக்கம் வரை தொடங்கியது. இவை இரண்டும் தெற்கு ரயில்வேயின் தடங்கள். மெட்ரோ தனி நிறுவனம், தனி தண்டவாளம், தனி டிக்கெட். மத்திய அரசும் தமிழக அரசும் பாதிப் பாதி பங்கு போட்டு 2007 டிசம்பரில் அந்த நிறுவனத்தைத் தொடங்கின. தண்டவாளத்தின் அகலமே வேறு. ரயில்வே 1,676 மில்லிமீட்டர், மெட்ரோ 1,435. ஆகவே ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது.

வேலை 2009-ல் தொடங்கியது. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கடன் கொடுத்தது. முதல் வண்டி 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடியது. அது முழுக்க மேம்பாலத்தில் போகிற பகுதி. ஊரே காத்துக்கொண்டிருந்தது சுரங்கத்துக்குத்தான். அண்ணா சாலையிலோ பாரிமுனையிலோ தூண் எழுப்ப இடமில்லை, பூமிக்குள்தான் போயாக வேண்டும். தோண்டத் தொடங்கியதும் ஒரு பக்கம் கடினப் பாறை, இன்னொரு பக்கம் மணலும் களிமண்ணும். இயந்திரம் ஒரே வேகத்தில் போகவில்லை. ஒப்பந்ததாரர் நடுவில் மாறினார். 2017 ஏப்ரல் 9 அன்று ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே அண்ணா சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்தில் இறங்கி நின்றன. அந்தப் படத்தை வெளிநாட்டில் இருந்தவர்களும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த மாதமே, மே 14-ல், திருமங்கலம் – நேரு பூங்கா சுரங்கப்பாதை திறந்தது. சென்னை பூமிக்கடியில் பயணம் செய்தது அன்றுதான் முதல் முறை. 2018 மே மாதம் ஒரு பக்கம் சென்ட்ரல் வரையும் இன்னொரு பக்கம் சைதாப்பேட்டை வழியாக அண்ணா சாலையில் இருக்கிற ஏஜி–டிஎம்எஸ் நிலையம் வரையும் நீண்டது. 2019 பிப்ரவரி 10-ல் ஏஜி–டிஎம்எஸ் – வண்ணாரப்பேட்டை திறக்க, அண்ணா சாலையின் அடியில் முழுத் தடமும் கூடி வந்தது. 2021 பிப்ரவரியில் வடக்கே திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் வரை போனது. வடசென்னைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இந்த முதல் கட்டத்தில் ஓடுவது இரண்டு தடம். நீலம்: விமான நிலையம், கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, எல்ஐசி, சென்ட்ரல், உயர்நீதிமன்றம், வண்ணாரப்பேட்டை, விம்கோ நகர். பச்சை: பரங்கிமலை, ஆலந்தூர், வடபழனி, கோயம்பேடு, அண்ணாநகர், எழும்பூர், சென்ட்ரல். இரண்டும் சந்திப்பது ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும். ஆலந்தூர் மேம்பாலத்தில், சென்ட்ரல் பூமிக்கடியில். சென்ட்ரலில் இரண்டு தடத்துக்கும் நடைமேடைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருப்பதால் எஸ்கலேட்டரில் ஏறி இறங்கினால் போதும். விமான நிலையத்திலிருந்து எழும்பூர் போகிறவர்கள் நீலத்திலேயே சென்ட்ரல் வந்து மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர்.

விமானத்திலிருந்து இறங்கியதும் மெட்ரோவா என்றால், நேரத்தைப் பொறுத்தது. வண்டி காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை. வளைகுடா வழியாக வருகிற விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் வந்து இறங்குகின்றன. குடியுரிமைச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய நாலு மணி ஆகிவிட்டதென்றால் ஒரு காபி குடித்துவிட்டு ஐந்து மணி வண்டியைப் பிடிக்கலாம். முனையத்திலிருந்து நடைபாலம் வழியாகவே நிலையத்துக்குப் போய்விடலாம். ஒரு மணிக்கே வெளியே வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம், டாக்சி எடுங்கள். ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, கூட வயசான அம்மா, தூங்குகிற குழந்தை என்றாலும் டாக்சிதான். மெட்ரோவில் நுழையும்போது எல்லாப் பெட்டியையும் தூக்கி ஸ்கேனரில் வைக்க வேண்டும், உதவிக்கு போர்ட்டர் கிடையாது.

கட்டணம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50. தடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கே 50 ரூபாய்தான், டாலரில் மாற்றிப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் 83000 86000 என்ற எண்ணுக்கு ‘Hi’ என்று அனுப்பினால் கேள்வி கேட்டு க்யூஆர் டிக்கெட் தரும். போன்பே, பேடிஎம் செயலிகளிலும் எடுக்கலாம். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்று’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்தே வாங்கலாம்.

பணம் கட்டுகிற இடத்தில்தான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இங்கே எல்லாம் யுபிஐ, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து கைபேசியிலேயே பணம் கட்டுகிற முறை. இந்திய வங்கியில் என்ஆர்இ, என்ஆர்ஓ என்கிற, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான கணக்கு வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், அமீரகம் போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம். உங்கள் வங்கி அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்து, கனடா, ஐரோப்பியக் கடவுச்சீட்டோடு கல்யாணப் புடவை எடுக்க வருகிற சொந்தங்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. கவலை வேண்டாம், கவுன்ட்டரில் ரொக்கம் வாங்குகிறார்கள். காகிதத்தில் க்யூஆர் அச்சடித்துத் தருவார்கள். வெளியே போகும்போதும் அதையே காட்ட வேண்டும், ஆகவே உள்ளே போனதும் கசக்கி எறிந்துவிடாதீர்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள். 500 ரூபாய் நீட்டினால் சில்லறை கேட்டு முகம் சுளிப்பது இந்த ஊரில் இன்னும் மாறவில்லை.

கைபேசியில் டிக்கெட் எடுக்கிறவர்கள் தெருவில் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். கீழே போய் ரோமிங் சிம் சிக்னல் தேடிச் சுற்றுகிற நேரத்தில் ஒரு வண்டி போய்விடும். கதவருகே திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, கண்ணாடிமேல் ஒட்டாமல் ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தால் சட்டென்று திறக்கும். அழுத்தி வைத்தால் படிக்காது. பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார்.

சுரங்க நிலையங்களின் வாசலைக் கவனித்தால் ஒன்று தெரியும். கீழே போக வேண்டிய இடத்தில் முதலில் சில படிகள் மேலே ஏற வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தான் வாசலை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு இது தொல்லை, அவர்கள் லிஃப்ட் இருக்கிற வாசலைக் கேட்டுப் போக வேண்டும். எல்லா வாசலிலும் லிஃப்ட் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களுக்கு அந்தப் படிகளின் அருமை புரியும். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிற நாளிலும் பெரும்பாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

சுரங்க நிலையங்களில் நடைமேடை விளிம்பில் உயரமான கண்ணாடிக் கதவு உண்டு, வண்டி வந்து நின்றதும்தான் திறக்கும். மேலே உள்ள நிலையங்களில் அது இல்லை, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி நான்கு பெட்டி. பெண்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், தரையிலும் சுவரிலும் எழுதியிருக்கும். தெரியாமல் அங்கே போய் உட்காரும் வெளியூர் ஆண்களுக்குப் பார்வையே போதும். நெரிசல் நேரத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒரு வண்டி. வண்ணாரப்பேட்டை – ஆலந்தூர் இடையே மூன்று நிமிடம். சென்ட்ரலுக்கும் அரசினர் தோட்டத்துக்கும் நடுவே நீங்கள் போவது கூவத்தின் அடியில். மூக்கைப் பொத்த வேண்டியதில்லை.

எந்த நிலையத்தில் இறங்கினால் என்ன? பாரிமுனைக்கு உயர்நீதிமன்றம். ஸ்பென்சர் வணிக வளாகத்துக்கு எல்ஐசி. கிரீம்ஸ் சாலை மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஆயிரம் விளக்கில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். வடபழனி முருகனுக்கு வடபழனி. திருவொற்றியூர் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் பார்க்கத் தேரடி நிலையம். முன்பு அரை நாள் வேலையாக இருந்தது, இப்போது காலைப் பூசைக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு நகரத்துக்கு வந்துவிடலாம். ஜவுளிக்குத் தியாகராய நகரை மட்டுமே நினைக்கிறவர்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டையும் ஒரு நடை பார்க்கலாம். விலை இறங்கும், பேரம் ஏறும்.

ஊருக்குப் பேருந்தில் போகிறவர்கள் கோயம்பேட்டை மறந்துவிடுங்கள். மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கத்து வண்டிகள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. அங்கே மெட்ரோ இன்னும் போகவில்லை. விமான நிலையம் வரை மெட்ரோவில் போய், வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் மாநகரப் பேருந்து பிடிப்பது ஒரு வழி. பண்டிகைக்கு முந்தின நாள் என்றால் அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

மெட்ரோ போகாத இடங்களில்தான் புலம்பெயர்ந்தோருக்கு வேலை அதிகம் என்பது வேடிக்கை: தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு, பழைய மகாபலிபுரம் சாலை. இவற்றையெல்லாம் தொடும் மெட்ரோவின் இரண்டாம் கட்டம், மூன்று தடங்கள், ஏறத்தாழ 119 கிலோமீட்டர். 63,246 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதில் ஓடப்போவது ஓட்டுநர் இல்லாத வண்டிகள். கலங்கரை விளக்கத்தில் இறக்கிய தோண்டும் இயந்திரத்துக்கு ஃபிளமிங்கோ என்று பறவைப் பெயர், மாதவரத்தில் இறக்கியதற்கு நீலகிரி என்று மலைப் பெயர்.

அது எல்லாப் பக்கமும் வந்து சேரும்வரை: தியாகராய நகருக்கு நந்தனத்தில் இறங்கி வெங்கடநாராயணா சாலை வழியாக ஆட்டோ. ரங்கநாதன் தெருப் பக்கம் போவதானால் மின்சார ரயிலில் மாம்பலம் வந்து, நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கிற ஆகாய நடைபாலத்தில் நடப்பது இன்னும் சுகம். மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது, திருமயிலை நிலையத்தில் இறங்கினால் கபாலீசுவரர் கோயில் நடந்து போகும் தூரம். மார்கழிக் கச்சேரிக்கு வருகிறவர்கள் காரில் போகத்தான் போகிறீர்கள் என்றால் ஓட்டுநரிடம் லஸ் முனையில் எந்தத் தெரு திறந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அங்கே மெட்ரோவுக்காகத் தோண்டி ஒருவழியாக்கிய தெருக்களில் உள்ளூர்க்காரர்களே வழி தவறுகிறார்கள்.