இலவச ஆன்டிவைரஸ்: இன்ஸ்டால் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

எந்த இலவச ஆன்டிவைரஸைப் போடலாம் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான். வீட்டுக் கணினிக்கு அதுவே போதும் என்பேன். வேறு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்கள் மேலே படியுங்கள்.

படி 1: அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து?

இலவசப் பதிப்பைக் கொடுத்துவிட்டு, கட்டணப் பதிப்பை வாங்கச் சொல்லி அடிக்கடி பாப்-அப் காட்டுகிறதா? தொல்லைதான், ஆனால் நேர்மையான வியாபாரம். நம் தகவலை விற்பது அப்படியல்ல. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்று வந்தது 2020 ஜனவரியில் அம்பலமானது. ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. எனவே பிரபலமான பெயராக இருந்தாலும் பிரைவசி பாலிசியில் மூன்றாம் தரப்பினருக்கு எதைத் தருகிறார்கள் என்ற பகுதியையாவது படித்துவிடுங்கள்.

படி 2: சோதனை முடிவுகள்

ஆன்டிவைரஸ்களைச் சோதித்து முடிவு வெளியிடும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் இரண்டு தளங்களிலும் தேடுங்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஆகிய மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வரை தருகிறது. நல்ல ஃபைலை வைரஸ் என்று தவறாகப் பிடித்தால் பயன்பாட்டில் மதிப்பெண் குறையும். இரண்டிலும் பெயரே இல்லாத மென்பொருளை நான் தொடுவதில்லை.

படி 3: டவுன்லோட்

தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பு வேண்டாம். இறங்கிய ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேபைப் பாருங்கள். தயாரித்தவர் யார் என்று காட்டும் மின் கையொப்பம் அது. அந்த டேப் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது: 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு முறையான கையொப்பத்தோடே, உள்ளே தீம்பொருளையும் சுமந்து வெளியானது. அதனால் பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு ஃபைலைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்திலும் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது நல்லது.

படி 4: உங்கள் கணினிக்கு ஒத்துவருமா?

பலரும் தாண்டிப் போகும் இடம் இது. ஆன்டிவைரஸ் மற்ற செயலிகளைப் போல மேலோட்டமாக உட்காருவதில்லை. டிரைவர் என்ற சிறு புரோகிராம் வழியாக, கெர்னல் எனப்படும் விண்டோஸின் மையப் பகுதிக்குள்ளேயே போகிறது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டோடு சில ஆன்டிவைரஸ்கள் மோதி நீலத் திரை வந்தது. ஒத்துப்போகும் என்று ஆன்டிவைரஸ், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைக்காத கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டையே தராமல் நிறுத்தி வைத்தது.

என் சித்தியின் லேப்டாப்பில் நான் மல்லுக்கட்டியதும் இதே இடத்தில்தான். வாங்கும்போதே வந்த டிரையல் ஆன்டிவைரஸை எப்போதோ நீக்கிவிட்டார்கள். ஆனாலும் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசோலேஷன் பக்கத்தில், கெர்னலுக்குள் தீம்பொருள் நுழையாமல் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டியை ஆன் செய்ய முடியவில்லை. ஒத்துவராத டிரைவர் இருக்கிறது என்றது. காரணத்தைக் கண்டுபிடித்த வழி இதுதான்:

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து fltmc என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் ஆல்டிட்யூட் என்ற பத்தியில் 320000 முதல் 329999 வரை உள்ள எண்கள் ஆன்டிவைரஸ் டிரைவர்களுக்கென ஒதுக்கப்பட்டவை. 328010 டிஃபென்டருடையது. நீங்கள் எப்போதோ நீக்கிய நிறுவனத்தின் டிரைவர் அந்த வரம்பில் இன்னும் தெரிந்தால், அது முழுதாகப் போகவில்லை. அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலை இறக்கி ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி பாருங்கள். சித்தியின் லேப்டாப்பில் அதன் பிறகு மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆனது. பட்டியல் சுத்தமான பிறகே புதியதைப் போடுங்கள்.

எப்போதும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒன்றாக வைக்காதீர்கள். தன்னை விண்டோஸிடம் முறையாகப் பதிவு செய்துகொள்ளும் ஒன்றைப் போட்டால் டிஃபென்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். கூடுதலாக எப்போதாவது ஒருமுறை ஸ்கேன் செய்ய மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு என் தேர்வு. டிரையல் காலம் முடிந்ததும் நாம் சொன்னால் மட்டும் ஸ்கேன் செய்யும், டிஃபென்டரோடு மோதாது.

பின்சேர்க்கை: ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் இன்ஸ்டால் ஆகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவை ஆர்ம் ப்ராசஸர் கொண்டவை. சாதாரணச் செயலிகளை எமுலேஷனில், அதாவது இன்டெல் ப்ராசஸர் போல நடித்து, ஓட்டலாம். கெர்னல் டிரைவரை முடியாது. ஆர்ம்64 ஆதரவு உண்டு என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டிஃபென்டரோடு இருங்கள். எஸ் மோடில் இருக்கும் விண்டோஸிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் போட முடியாது.