ஆட்சேர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கங்காணி இன்னும் போகவில்லை

இலங்கையின் நுவரெலியாப் பக்கத்து விடுதிகளில் பதினெட்டு ஆண்டுகளாக ஆட்சேர்ப்பைக் கவனித்து வருகிறேன். அண்மையில் புதிதாக வந்த மனிதவள அலுவலர்கள் சிலர் விண்ணப்பங்களைப் பிரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது, நான் அந்த வயதில் செய்த தவறுகளையே அவர்களும் செய்தார்கள். சாதி, மதம் பற்றி நேரடியாகக் கேட்கக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகையால் அதை இங்கே விளக்கப் போவதில்லை.

தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஒருமுறை விடுதிக்குப் பன்னிரண்டு அறைப் பணியாளர்கள் தேவைப்பட்டார்கள். விளம்பரத்துக்கு ஏன் வீண் செலவு என்று எண்ணி, நம்பிக்கையான மேற்பார்வையாளர் ஒருவரிடம் சொன்னேன். மூன்றே நாளில் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லோரும் ஒரே தேயிலைத் தோட்டத்தின் இரண்டு லயன்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஏப்ரல் வசந்த காலத்தில் ஓர் அறைகூடக் காலியில்லாத நேரத்தில் அந்த லயனில் ஒரு மரணம் நிகழ, ஒன்பது பேர் வேலைக்கு வரவில்லை. சொந்தத்தில் இழவு விழுந்தால் போகத்தான் வேண்டும். அவர்கள் மேல் குறையில்லை, குறை என்னுடையது.

அதைவிடப் பெரிய இழப்பு என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதே மாதத்தில் தபாலில் வந்த விண்ணப்பங்களை நான் பிரிக்கவே இல்லை. நெடுநாள் கழித்துப் பிரித்த ஓர் உறைக்குள், கோடு போட்ட கொப்பித்தாளில் நீல மையால் எழுதிய கடிதமும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றின் பிரதியும் இருந்தன. அந்தப் பெண் அதற்குள் வேறொரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்தார்.

நம் பாட்டன் பூட்டன்மார் இந்த மலைக்கு வந்ததும் இதே வழியில்தான். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி, தமிழகத்தில் இருந்த தன் ஊருக்குப் போய்த் தன் உறவினரையும் தன் சாதியினரையும் திரட்டி வந்தார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு கிடைத்தது. வந்தவர்களோ, கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்கு விடுவோம் என்று தோட்டம் எழுதிய ‘துண்டு’ச் சீட்டுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. இன்று ஆள் கொண்டுவரும் ஊழியருக்கு ஊக்கத்தொகை என்று சுற்றறிக்கை விடும்போது, நாம் புதுப்பிப்பது எதை என்று ஒரு கணம் யோசித்தால் நல்லது. சிபாரிசில் வந்தவர் தன்னைக் கொண்டுவந்தவரைப் பற்றி முறைப்பாடு செய்யத் தயங்குவார். என் மேற்பார்வையாளர் இளையவர்களைக் கடுமையாக ஏசியது இரண்டு ஆண்டுகள் என் காதுக்கு வராததற்குக் காரணம் அதுவே.

சிபாரிசை அடியோடு மறுக்க வேண்டியதில்லை. வெற்றிடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தபாலகத்திலும் காலையில் தொழிலாளர் கூடும் தோட்டத்துப் பெரட்டுக்களத்திலும் கோயில் வாசலிலும் இரண்டு வாரம் ஒட்டுங்கள். சிபாரிசில் வருபவரும் அதே படிவத்தை நிரப்பட்டும். சிபாரிசு செய்தவரைத் தேர்வுக் குழுவில் உட்கார வைக்காதீர்கள்.

“மேல்கணக்கா, கீழ்கணக்கா?”

தோட்டத்தின் மேல் பிரிவா, கீழ்ப் பிரிவா என்று நேர்முகப் பரீட்சையில் கேட்பது, அன்பாக ஊர் விசாரிப்பதாகவே தோன்றும். ஆனால் எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயன் என்று கேட்டுக்கொண்டே போனால், நம் பகுதியில் அது பல நேரம் சாதியில் போய் முடியும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். அவரவர் புள்ளியை, பேசிக்கொள்வதற்கு முன்பே, தனித்தனியாக எழுதுங்கள்.

தனியார் நிறுவனத்துக்குச் சட்டம் இல்லையே என்பது

இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை சொல்கிறது. அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகவே தொடுக்கப்படுவதால், நம்மைக் கேட்பார் இல்லை என்று சில முகாமையாளர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். தொழிலில் பாகுபாட்டைத் தடுக்கும் சர்வதேசத் தொழில் தாபனத்தின் 111ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது என்பதையாவது அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

பெண்களிடம் கல்யாணம் எப்போது என்று கேட்பது

கேட்காதீர்கள்.

அழைப்புக்குத் தபாலை மட்டும் நம்புவது

லயன் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்துதான் கை மாறுகிறது. ஒன்பது நாள் முன்னதாக அனுப்பிய என் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, நேர்முகம் முடிந்த மறுநாள் காலை ஓர் இளைஞர் மழையில் நனைந்து வாசலில் நின்றார். ‘வராதவர்’ என்று அவர் பெயருக்கு எதிரே முதல்நாளே எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டு, அன்றே குழுவைத் திரும்பக் கூட்டினேன்.