மெல்பர்ன் விரிகுடாவில் முதல் படகு மீன்பிடி: எந்த மாதம், எந்த மீன், எப்படி

நவம்பர் பிறந்துவிட்டால் மெல்பர்னில் ஸ்னாப்பர் மீன் பிடிக்கப் போகும் வாடகைப் படகுகளில் இடம் கிடைப்பது கஷ்டம். தூண்டிலைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட முதல் பயணமாக அதைத்தான் முன்பதிவு செய்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் போவதுதான் நல்லது. அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரும் வசந்த காலத்தைவிடக் காற்று அடங்கியிருக்கும், தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் மிச்சமிருக்கும், ஒன்றுக்கு நாலு வகை மீன் தூண்டிலுக்கு வரும். பெரிய மீன் ஒன்றுக்காக நாள் முழுக்கக் காத்திருப்பதைவிட, சின்ன மீன்கள் அடிக்கடி கடித்தால்தான் கை சீக்கிரம் பழகும்.

முதலில் விரிகுடாவின் காலத்தைப் படியுங்கள்

மெல்பர்னை ஒட்டிய போர்ட் பிலிப் விரிகுடா சுமார் 1,930 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஆனால் மிக ஆழமான இடமே 24 மீட்டர்தான். ஏறக்குறைய பாதி இடத்தில் 8 மீட்டருக்கும் குறைவு. ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் குளிரும். மீன்கள் அதையொட்டித்தான் வருகின்றன, போகின்றன.

செப்டம்பர் கடைசியில் தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் பெரிய ஸ்னாப்பர்கள் முட்டையிட உள்ளே வருகின்றன. மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் நடக்கும் நவம்பர் முதல் செவ்வாயை ஒட்டித்தான் ஆர்வம் உச்சத்துக்குப் போகும். கோடையிலும் (டிசம்பர்–பிப்ரவரி) இலையுதிர் காலத்திலும் (மார்ச்–மே) கிங் ஜார்ஜ் வைட்டிங். நம்மூர்க் கிழங்கானின் குடும்பம்தான், உருவத்தில் பெரியது. இதே மாதங்களில் ‘பிங்கி’ என்று அழைக்கப்படும் இளம் ஸ்னாப்பர்களும் தாராளம். குளிர்காலத்தில் (ஜூன்–ஆகஸ்ட்) ஆசை கணவாயின் பக்கம் திரும்பும். தெற்கே குவீன்ஸ்கிளிஃப், சொரெண்டோ பக்கம் நல்ல கணவாய் கிடைக்கும். ஃப்ளாட்ஹெட் என்ற தட்டைத் தலை மீன் மட்டும் ஆண்டு முழுக்க இருக்கும்.

கோடையில் விரிகுடா வாயிலை ஒட்டிக் கிங்ஃபிஷ் பிடிக்கவும் படகுகள் போகும். கடலும் விரிகுடாவும் சந்திக்கும் அந்த ‘ரிப்’ பகுதியில் நீரோட்டம் மிகப் பலமானது. அதை முதல் பயணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் படகு

முன்பதிவு செய்யும்போது இவற்றைக் கேளுங்கள்: தூண்டில், இரை எல்லாம் கட்டணத்தில் அடங்குமா? மீனைச் சுத்தம் செய்து தருவார்களா? காற்று அதிகமென்றால் நாளை மாற்றித் தருவார்களா? விக்டோரியா மாநிலத்தில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். அது கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலைப் பயணத்தையே தேர்ந்தெடுங்கள். கோடை நாள்களில் மதியத்துக்குமேல் தெற்கிலிருந்து கடற்காற்று எழுந்துவிடும். முந்தைய நாள் வானிலைத் துறையின் விரிகுடா முன்னறிவிப்பைப் பாருங்கள். வடக்குக் காற்றென்றால் வில்லியம்ஸ்டவுன் பக்கம் கரையோரம் அமைதியாக இருக்கும், ரோஸ்பட் பக்கம் அலை எழும். தென்மேற்குக் காற்றென்றால் மோர்டியாலக், ஃபிராங்க்ஸ்டன் பக்கம் படகு நன்றாகக் குலுங்கும். ஆழம் குறைந்த நீர் என்பதால் அலைகள் சிறிதாக, நெருக்கமாக வரும். வயிற்றைப் பிரட்டுவது அதுதான். குமட்டல் மாத்திரை வேண்டுமென்றால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்தபிறகு போட்டுப் பெரிய பலனில்லை.

வைட்டிங் பிடிக்கும் முறை

படகோட்டி கடற்புல் வளர்ந்த இடத்தில் மணல் திட்டாகப் பார்த்து நங்கூரம் போடுவார். ஆழம் பெரும்பாலும் சில மீட்டர்தான். சிறிய, தண்டு நீண்ட தூண்டில் முள்ளில் மட்டிச் சதையையோ பிப்பி என்ற சிப்பியின் சதையையோ கோத்துத் தருவார்கள். முள்ளின் நுனி லேசாக வெளியே தெரிய வேண்டும். சதைக்குள் புதைந்துவிட்டால் மீன் சதையை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும்.

ஈயக் குண்டு தரையைத் தொட்டதும் தூண்டில் நரம்பில் தொய்வு இல்லாமல் சுற்றி, ராடை (தூண்டில் கோலை) கையிலேயே பிடித்திருங்கள். வைட்டிங் கடிப்பது ‘டக் டக்’ என்று விரலுக்கு மட்டும் தெரிகிற சின்னத் தட்டல். முதல் தட்டலுக்கே வெடுக்கென்று இழுக்காதீர்கள். ராடின் நுனி வளைந்து பாரம் தெரிந்ததும், சீராக மேலே தூக்கிச் சுற்றத் தொடங்குங்கள். இவை கூட்டமாகத் திரிபவை. ஒன்று வந்தால் உடனே இரையை மாற்றி அதே இடத்தில் போடுங்கள். இருபது நிமிடமாக ஒன்றும் இல்லையென்றால் படகோட்டியே இடம் மாற்றுவார்.

ஃப்ளாட்ஹெட் வந்தால் கவனம். தலையின் இரு பக்கமும் கூரிய முட்கள் இருக்கும். தலையை ஒருபோதும் வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. ஈரத்துணியைப் போட்டுத் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். கணவாயைத் தூக்கும்போது அதன் முகம் உங்கள் பக்கமோ பக்கத்தில் நிற்பவர் பக்கமோ இருக்கக் கூடாது. தண்ணீரிலேயே சற்று நேரம் வைத்திருந்தால் மையைக் கக்கிவிடும். சின்ன ஆக்டோபஸ் எதுவானாலும் தொடாதீர்கள். நச்சுள்ள நீலவளைய வகை இந்த விரிகுடாவில் உண்டு.

ஸ்னாப்பருக்குப் போகும்போது

இங்கே ராடுகள் தாங்கியில் நிற்கும், இரை பில்சார்டு என்ற மத்தி வகை மீனோ கணவாயோ. நுனி இரண்டு முறை தலையாட்டியதும் பாய்ந்து எடுக்காதீர்கள். நரம்பு ஓடத் தொடங்கட்டும். நரம்பு எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் ரீலின் இழுவைத் திருகைப் படகோட்டி வைத்த அளவிலேயே விட்டுவிடுங்கள். மீன் ஓடுகிறதே என்று பயந்து இறுக்கினால் நரம்பு அறும். அது ஓடும்போது ஓடவிட்டு, நிற்கும்போது சுற்றுங்கள்.

அளவும் எண்ணிக்கையும்

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஸ்னாப்பர் குறைந்தது 28 செ.மீ. இருக்க வேண்டும், ஒருவருக்கு 10, அதில் 40 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்டவை மூன்றுதான். வைட்டிங் 27 செ.மீ., ஒருவருக்கு 20. கணவாய் 10. விதிகள் மாறக்கூடும் என்பதால் கிளம்புமுன் விக்டோரியா மீன்வள ஆணையத்தின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். அளவில் குறைந்ததைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, உடனே தண்ணீரில் விடுங்கள். வறண்ட கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். அளவு சரியாக இருந்தாலும் இரண்டு வேளைக் குழம்புக்கு மேல் எதற்கு என்று நான் நினைப்பேன். விரிகுடாவில் வணிக வலைவீச்சு நின்று, மீன்வளம் தேறிவருகிற நேரம் இது.

வைத்துக்கொள்ளும் மீனை வெயிலில் போட்டு வைக்காமல், பிடித்தவுடன் கடல்நீர் கலந்த ஐஸில் போடுங்கள். வைட்டிங்கின் சதை மென்மையானது, சூட்டில் சீக்கிரம் குழைந்துவிடும்.

இலையுதிர் காலத்தில் ஒன்றிரண்டு முறை போய்க் கை பழகிய பிறகு நவம்பரில் ஸ்னாப்பருக்குப் போகலாம். அந்த வார இறுதிகள் வேண்டுமென்றால் ஜூன், ஜூலையிலேயே படகை முன்பதிவு செய்துவிடுங்கள்.