9.81 வந்தே ஆகவேண்டுமா? இயற்பியல் முதலாண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும், இயற்பியல் முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு புதுத் தவணையிலும் அதே தவறுகள்தான் திரும்ப வருகின்றன. போன வருடத்து மாணவர்கள் செய்தவை. இன்று அங்கே நின்று சொல்லிக்கொடுப்பவர்களும் ஒரு காலத்தில் செய்தவை. விரிவுரைக்கு மட்டம் போடுவது, தேர்வுக்கு முந்தின ராத்திரி படிப்பது, கால்குலேட்டரை டிகிரியிலேயே விட்டுவிடுவது இவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தானாகத் திருந்திவிடும். பட்டதே தெரியாமல் போகிற தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

## விடையை வைத்துக்கொண்டு அளவெடுப்பது

முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும் சோதனை எளிய ஊசல். நூல், உலோகக் குண்டு, தாங்கி, மீட்டர் கோல், ஸ்டாப்வாட்ச். இவற்றை வைத்து ஈர்ப்பு முடுக்கம் ‘ஜி’யைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் அதன் மதிப்பு 9.81 (வினாடி வர்க்கத்துக்கு மீட்டரில்). படிவம் ஆறிலோ மெட்ரிகுலேஷனிலோ செய்து பழகியதுதானே என்று யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அரைமணி நேரம் போனால் ஏதாவது ஒரு மேசையில் இந்தப் பேச்சு கேட்கும்:

“எவ்வளவுடா வருது?”

“ஒம்பது புள்ளி அஞ்சு ஒம்பது.”

“ஐயோ, 9.81 வரணுமே. டைமைக் கொஞ்சம் குறைச்சுப் போடு.”

50 சென்டிமீட்டர் என்று எழுதிய நீளத்துக்கு 20 அலைவுகள் 28.70 வினாடி எடுத்திருக்கின்றன. அது 28.37 ஆகிறது. ‘ஜி’ 9.81 ஆகிறது. ரிப்போர்ட் அழகாக முடிகிறது.

அந்த 28.70 முழுக்க முழுக்கச் சரியான அளவு. தவறு நேரத்தில் இல்லை, நீளத்தில் இருந்தது. நூல் குண்டைத் தொடும் இடம்வரை அளந்துவிட்டு, குண்டின் மையம்வரை அளக்காமல் விட்டிருக்கிறார்கள். 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டு என்றால் 1 சென்டிமீட்டர் குறைகிறது. 51 சென்டிமீட்டர் ஊசலை 50 என்று எழுதினால் ‘ஜி’ 9.59 என்றுதான் வரும். ஊசல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அது சொன்னதைத்தான் அழித்துவிட்டார்கள்.

இதே மாணவர்கள் எதையும் மாற்றாமல் 40 முதல் 100 சென்டிமீட்டர் வரை ஆறேழு நீளங்களுக்கு அளவெடுத்து, அலைவுக்காலத்தின் (ஒரு அலைவுக்கு ஆகும் நேரத்தின்) வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கோட்டின் சாய்வு ஏறத்தாழ 4.037 வந்திருக்கும். ஊசலின் சூத்திரப்படி நான்கு பை வர்க்கத்தை, அதாவது 39.48ஐ, அதனால் வகுத்தால் ‘ஜி’ 9.78. எல்லா நீளத்திலும் ஒரே 1 சென்டிமீட்டர் குறைந்ததால் சாய்வு அசையவே இல்லை. கோடு மட்டும் ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், செங்குத்து அச்சை 0.04 அளவில் வெட்டும். அந்த 0.04ஐச் சாய்வால் வகுத்துப் பாருங்கள்: 0.01 மீட்டர். குண்டின் ஆரம்! எங்கே தவறினோம், எவ்வளவு தவறினோம் என்பதை வரைபடமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. நேரத்தைத் திருத்தியவர்களுக்கு இந்த வெட்டுத்துண்டு கிடைக்காது. கோட்டை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளி வழியே இழுப்பவர்களுக்கும் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. 9.81 நம் ஊர் அளவே இல்லை. பூமி சுழல்வதாலும் நடுப்பகுதி புடைத்திருப்பதாலும் ‘ஜி’ நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 9.780 ஆகவும் துருவங்களில் 9.832 ஆகவும் இருக்கிறது. 1901ல் நியம மதிப்பாக ஏற்றுக்கொண்ட 9.80665 ஒரு பொது ஒப்பந்தம். எல்லா ஊரிலும் அளந்தால் கிடைக்கும் எண் என்று யாரும் சொல்லவில்லை. ஜார்ஜ் டவுன் வடக்கே 5.4 பாகையில் இருக்கிறது, கோலாலம்பூர் 3.1 பாகையில். இரண்டு ஊரிலும் 9.78தான். அரும்பாடுபட்டு எண்ணைத் திருத்தி 9.81க்குக் கொண்டுவருகிறவர்கள் ஐரோப்பாவின் ‘ஜி’யைக் கொண்டுவந்து நம் மேசையில் வைக்கிறார்கள்.

இதே அட்சரேகையில் இதே விஷயம் முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. 1672ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனார். அது வடக்கே ஏறத்தாழ 5 பாகை, நம் பினாங்குக்கு நேர்க்கோட்டில். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. வினாடி காட்டும் ஊசலை அவர் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. எவ்வளவு சுருக்கினேன் என்பதை அப்படியே எழுதி வைத்தார். அளவெடுத்ததில் கோளாறு என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். 1687ல் நியூட்டன் அதே எண்ணை எடுத்து, பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்பதற்குச் சான்றாக வைத்தார். பாரிஸ் அளவு வரவில்லையே என்று ரிஷே எண்ணை மாற்றியிருந்தால் அந்தச் சான்று இல்லை.

திருத்தினால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரு பத்தில் ஒரு வினாடி அளவுக்காவது சிதறும். 1 மீட்டர் ஊசலின் 20 அலைவுகளுக்கு 40.05, 40.31, 40.18 என்று வந்தால் அது மனிதர் எடுத்த அளவு. 40.12, 40.12, 40.13 என்று இருந்தால் மதிப்பெண் போடுகிறவருக்கு இரண்டாவது வரியிலேயே விளங்கிவிடும். வரைபடமும் அப்படித்தான். புள்ளி எவ்வளவு சிதறலாம் என்று காட்டும் பிழைக்கோடுகளை ஒரு நியமவிலக்கம் (அளவுகளின் வழக்கமான சிதறல்) என்று போட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புள்ளிகளின் பிழைக்கோடு நேர்க்கோட்டைத் தொடக்கூடாது. எல்லாப் புள்ளிகளும் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தால்தான் சந்தேகம் வரும்.

சரியாக எடுக்கும் முறை இதுதான். நூலைத் தாங்கிக் கம்பியில் சுற்றிக் கட்டாதீர்கள். ஆடும்போது நீளம் மாறும். இரண்டு சிறு பலகைத் துண்டுகளுக்கு நடுவே நெருக்கிப் பிடியுங்கள், அப்போதுதான் தொங்குமிடம் ஒரே புள்ளியாக இருக்கும். குண்டு தொங்கும்போதே நீளத்தை அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நூல் இழுபடும். 1 மீட்டர் நூலுக்கு 9 சென்டிமீட்டர் விலக்கினால் 5 பாகை. அதற்குமேல் அதிகம் போக வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். குண்டு வட்டமடிக்க ஆரம்பித்தால் அந்த அளவை விட்டுவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஓரத்தில் குண்டு தயங்கி நிற்கும், எப்போது திரும்பியது என்று கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆகவே நடுவில், குண்டு மிக வேகமாகக் கடக்கும் இடத்தில் ஒரு குறி வைத்து அங்கே எண்ணுங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது வாய் ‘சுழியம்’ என்று சொல்ல வேண்டும். ‘ஒன்று’ என்று ஆரம்பித்தால் 19 அலைவுகளை 20 என்று எழுதிவிடுவீர்கள்.

விசித்திரமான விடை வந்தால் அதற்கும் முகம் உண்டு. 10.84 வந்தால் 19 அலைவுகளை எண்ணியிருக்கிறீர்கள். 9.63 சுற்றி வந்தால், எவ்வளவு விலக்கினீர்கள் என்று பாருங்கள். 20 பாகை விலக்கினால் அலைவுக்காலம் 0.77% கூடும், ‘ஜி’ 1.5% இறங்கும். நீளம் குறையக் குறைய ‘ஜி’யும் இறங்கிக்கொண்டே போனால் குண்டின் ஆரத்தை மறந்திருக்கிறீர்கள். எண்ணை மாற்றுகிற நேரத்தில் இந்த மூன்றையும் சரிபார்த்து, அந்த ஒரு நீளத்தை மட்டும் திரும்ப எடுத்துவிடலாம். பத்து நிமிட வேலை.

பிறகு நிச்சயமின்மையை, அதாவது விடை எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதை, கணக்கிடுங்கள். நேரத்தில் 40 வினாடிக்கு 0.1 வினாடி, அதாவது 0.25%. ‘ஜி’யில் நேரம் வர்க்கமாக வருவதால் அது 0.5% ஆகும். நீளத்தில் 2 மில்லிமீட்டர், 0.2%. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 0.54%. விடை 9.78 ± 0.05. இதற்குள் 9.81உம் அடங்கிவிடுகிறது, கவனியுங்கள். அந்த ஒற்றை அளவால் பினாங்கையும் பாரிஸையும் பிரித்துச் சொல்ல முடியாது என்று பொருள். பிரிக்க ஆசையிருந்தால் 100 அலைவுகள் எடுங்கள்: 1 மீட்டர் ஊசலுக்கு 9.78 என்றால் 200.9 வினாடி, 9.81 என்றால் 200.6. அந்த 0.3 வினாடியைக் கையாலேயே பிடிக்கலாம். நீளத்தை மட்டும் 1 மில்லிமீட்டருக்குள் அளந்திருக்க வேண்டும்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் ஊசல் அல்ல. இறுதியாண்டு ஆய்வில் ஒரு மென்படலத்தின் மின்தடையை அளக்கச் சொல்வார்கள். அதன் விடை எந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் இருக்காது. மூன்று வருடமாக விடையைப் பார்த்து அளவைத் திருத்தியவர் அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். “டாக்டர், எவ்வளவு வரணும்?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மனம் நொந்துபோகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர்கள்.

## “மனிதப் பிழை காரணமாக…”

இந்தச் சொற்றொடரை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இடைநிலைப்பள்ளியில் ‘ராலாட் பாராலாக்ஸ்’ (கண் விலகியிருப்பதால் வரும் வாசிப்புப் பிழை) என்று ஒரு வரி எழுதினால் மதிப்பெண் விழுந்தது. இங்கே விழாது. எந்தப் பிழை, எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்ற மூன்றையும் எழுத வேண்டும். “கண் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது, கோலுக்கும் குண்டுக்கும் இடையே 1 சென்டிமீட்டர் இடைவெளி, பக்கவாட்டில் 3 சென்டிமீட்டர் நகர்ந்து பார்த்தால் வாசிப்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மாறும்” என்று எழுதினால் அது இயற்பியல். அப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் குற்றம் சாட்டப்படும் பிழை உண்மையான வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

## பென்சிலில் குறிப்பெடுப்பது

பேனா. தவறினால் ஒரே ஒரு கோடு. அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும்.

## கணிதத்தை அடுத்த தவணைக்குத் தள்ளுவது

இயக்கவியல், மின்காந்தவியல் பாடங்கள் கணிதப் பாடத்துக்காகக் காத்திருப்பதில்லை. கணித வகுப்பில் ஒரு கருவி வருவதற்கு நான்கு வாரம் முன்பே இயற்பியல் விரிவுரையாளர் அதைப் பலகையில் எழுதிவிடுவார். அந்த நான்கு வாரத்தில் தொலைந்துபோகிறவர்கள் தாங்கள் இயற்பியலில் பலவீனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் வழுக்கியது கணிதத்தில்.

நான்கு விஷயம் கையில் இருந்தால் முதலாண்டு ஓடிவிடும்: டெய்லர் விரிவின் முதல் இரண்டு உறுப்புகள், சிக்கலெண்ணின் அடுக்குக்குறி வடிவம், மாறாக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, பகுதி வகையீடு. இவற்றில் மூன்றாவதுக்கு அதிக நேரம் கொடுங்கள். ஊசல், சுருள்வில், தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த மின்சுற்று எல்லாம் அதே சமன்பாடு, எழுத்துகள்தான் வேறு. வெப்பவியலில் பகுதி வகையீடு எடுக்கும்போது எதை மாறாமல் வைத்தோம் என்று ஓரத்தில் எழுதுங்கள். அதை எழுதாததால் ஒரு முழு வினா கைநழுவிப் போவதை ஒவ்வொரு தவணையும் பார்க்கலாம்.

## விடைத்தொகுப்பு

சீனியர் அண்ணனோ அக்காவோ அனுப்பும் பிடிஎஃப் எல்லார் போனிலும் இருக்கும். வைத்திருப்பதில் தவறில்லை. வாசித்துவிட்டு ‘புரிந்தது’ என்று மூடிவைப்பதுதான் தவறு. மறுநாள் வெற்றுத்தாளில் முதலிலிருந்து போட வந்தால்தான் புரிந்ததாகக் கணக்கு.

விடையைத் திறக்குமுன் உங்கள் விடையை நீங்களே சோதிக்கலாம். கப்பி மேல் இரண்டு எடைகள் தொங்கும் வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் பொருண்மையும் சமமானால் முடுக்கம் சுழியமாக வேண்டும். ஒன்றை இல்லாமல் செய்தால் மற்றது ‘ஜி’யோடு விழ வேண்டும். உங்கள் சூத்திரம் இந்த இரண்டையும் தரவில்லையென்றால் விடைத்தொகுப்பைப் பார்க்கத் தேவையே இல்லை. குறி எங்கோ மாறியிருக்கிறது.

## பத்து தசம இடங்கள்

நிச்சயமின்மை ஒரு இலக்கம். விடை அதே தசம இடத்தில் நிற்கும், 9.78 ± 0.05 போல.

## ஒரே சொல்லில் இரண்டு பொருள்

தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளி, பிறகு ஆங்கிலப் பாடநூல் என்று வந்தவர்களுக்கு இது கூடுதல் சுமை. விசைக்கு மலாயில் ‘டாயா’, திறனுக்கு ‘குவாசா’, ஆற்றலுக்கு ‘தெனாகா’. மூன்றையும் பேச்சுத் தமிழில் ‘சக்தி’ என்று சொல்லிப் பழகியிருப்போம். ஒரு நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மூன்று மொழிச் சொல்லையும் அலகோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நியூட்டன், வாட், ஜூல் என்று அலகு நின்றால் குழப்பம் நிற்காது.

அதிகம் குழப்புவது ‘துல்லியம்’. மலாயில் உண்மை மதிப்புக்கு அருகே இருப்பது ‘கெஜித்துவான்’, அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பது ‘கெபெர்சிசான்’. தமிழில் இரண்டையும் துல்லியம் என்றே சொல்லிவிடுகிறோம். 1 மீட்டர் ஊசலின் 20 அலைவுகளுக்கு 38.12, 38.20, 38.18 என்று மூன்று வாசிப்பு எடுத்து, “அளவுகள் துல்லியமாக உள்ளன” என்று முடிவுரை எழுதினால், ஒன்றுக்கொன்று நெருக்கம் என்பது சரி. மூன்றுமே 2 வினாடி குறைவு. மூன்று முறையும் ‘ஒன்று’ என்று சொல்லித்தான் ஸ்டாப்வாட்சை அழுத்தியிருக்கிறார்கள்.